வெட்கப்படத் தேவையில்லாத வியாதி

வீட்டுக்கு வந்த விருந்தாளி பையிலிருந்து தன் சொந்தக் கிளாஸை எடுத்து மேசையில் வைத்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்?

எனக்குக் கோபம்தான் வந்தது. என் வீட்டுக் கிளாஸுக்கு என்ன குறை?

வந்தவள் சந்திரா. நான் பிறந்த தேயிலைத் தோட்டத்துப் பெண். வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில், எங்கள் லயத்துக்கு அடுத்த லயம். என்னைவிட நன்றாக இளையவள். இன்றும் அங்கேதான் கொழுந்து பறிக்கிறாள். நான் படித்துவிட்டு ஹட்டன் டவுனுக்கு வந்து, ஓர் அரசாங்கக் காரியாலயத்தில் சிங்களக் கடிதங்களைத் தமிழாக்கும் மேசையில் உட்கார்ந்துவிட்டேன். பஜாருக்குச் சாமான் வாங்க வரும் ஞாயிறுகளில் சந்திரா என் வீட்டுக்கு எட்டிப் பார்ப்பாள். தேநீர் குடித்துவிட்டுத் தோட்டத்துச் செய்திகளைச் சொல்வாள். சரியாகச் சொன்னால், செய்தி பாதி, வம்பு பாதி.

அன்றைக்கு இரண்டும் இல்லை. ஸ்டீல் கிளாஸ் ஒன்றுதான்.

"இதுல ஊத்துங்க அக்கா."

"ஏன்டி, என் கிளாஸ் கசக்குதா?"

"சும்மா ஊத்துங்களேன்..."

ஊற்றினேன். ஒரு மடக்கு குடித்தாள். சூடு பட்டதும் கண் இறுகி மூடிக்கொண்டது. ஆறவைத்து, மெல்ல மெல்லக் குடித்து முடித்தாள். அவளே எழுந்து போய்க் கிளாஸைக் கழுவினாள், துடைத்தாள், ஒரு பொலித்தீன் பைக்குள் சுற்றிக்கொண்டாள். பிறகு வாசல் கதவைப் பார்த்தாள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். ஆனாலும் பார்த்தாள்.

"வாயில புண்ணு அக்கா."

உள்கன்னத்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறதாம். துடைத்தால் போவதில்லையாம். மிளகாய் பட்டால் நெருப்பாக எரிகிறதாம். பொங்கலுக்குப் பிறகுதான் கவனித்தாளாம்.

"சரி, அதுக்கு எதுக்கு இந்தக் கிளாஸ்?"

"பொங்கலுக்கு அவரு வந்துட்டுப் போனாருல்ல..."

அவர் என்பது மூர்த்தி, அவள் கணவன். கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. கடைக்கு மேலே ஒரு அறை, அதில் பாய் விரித்துப் படுக்கும் ஏழெட்டு ஆண்கள். தீபாவளி, பொங்கல் என்று வருவான், போவான். மலையகத்தில் பாதிக் குடும்பம் இப்படித்தான் நடக்கிறது.

"அவரு வந்ததுக்கும் உன் வாய்ப்புண்ணுக்கும் என்னடி?"

ஃபோனை நீட்டினாள். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர், பின்னால் சிவப்பு எழுத்து, பயமுறுத்தும் இசை. வாயில் இந்த அடையாளம் இருந்தால் அது 'அந்த' நோயாக இருக்கலாம் என்கிறார். எந்த நோய் என்று கடைசி நிமிடத்தில் சொல்கிறார். உடலுறவால் தொற்றும் நோய்.

ஒரு வீடியோ பார்த்திருக்கிறாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஃபோன் அவளை விடவில்லை. இன்னொன்று, இன்னொன்று... நாம் எதற்குப் பயப்படுகிறோம் என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும், அதையே ஊட்டிக்கொண்டிருப்பதற்குத்தானே இந்த ஃபோன்கள்?

பொங்கலிலிருந்து அவளுக்குத் தனித் தட்டு, தனிக் கிளாஸ், தனித் துவாய். கடைசிப் பிள்ளையைக் கொஞ்சுவதில்லை. கேட்டால், அம்மாவுக்குத் தடிமன், சளி ஒட்டிக்கொள்ளும். மூர்த்தி ஃபோன் போட்டால், ம், சரி, வைக்கிறேன்.

"யாருகிட்டப் போனீங்கன்னு கேட்டா சண்ட வரும். கேக்காட்டி நெஞ்சு வெடிக்குது. அதுதான்னு மட்டும் தெரிஞ்சா... புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு வட்டவளைக்கு அம்மா வீட்டுக்குப் போயிருவேன் அக்கா. அந்த மனுசன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

"மருந்து ஏதும் போட்டியா?"

"பொயல வச்சேன்."

பல்வலி என்றாலும் வாய்ப்புண் என்றாலும் தோட்டத்தில் செய்வது இதுதான். ஒரு துண்டுப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் அந்த இடம் மரத்துப்போகும். சந்திரா பகலெல்லாம் அடக்கி வைத்திருந்திருக்கிறாள். போதாததற்கு வெற்றிலையில் சுண்ணாம்பையும் கூட்டியிருக்கிறாள். சுண்ணாம்பு கிருமியைக் கொல்லுமாம்.

அதை நான் காதில் வாங்கி அப்படியே விட்டுவிட்டேன். அவளைப் போலவே என் மனமும் அந்த வியாதியையே சுற்றிக்கொண்டிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன்.

"போவோம். ஆனா பக்கத்து ஆஸ்பத்திரி வேணாம். அங்க கூட்டுற பொம்பளையிலருந்து நம்பர் துண்டு எழுதுறவரு வரைக்கும் நம்ம ஆளுங்க."

ஆகவே, பஸ் மாறிப் போகவேண்டிய தூரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. நான் காரியாலயத்தில் லீவு போட்டேன். அவள் லயத்தில், அடையாள அட்டை விஷயமாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். மழை இல்லை. இருந்தும் குடையைப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டே நடந்தாள். வெயிலும் இல்லாத நாளில் குடை பிடித்தால்தான் எல்லோரும் பார்ப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

பாலியல் நோய்களுக்கான அந்தக் கிளினிக் ஒரு நீண்ட நடையின் கடைசிக் கதவு. வெளியே ஒரு வாங்கு. அந்த வாங்கில் உட்காருவதற்கு ஒரு முறை இருக்கிறது — ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே ஓர் ஆள் இடம் விட வேண்டும். கண்ணைத் தரையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஹட்டன் பஜாரில் எனக்கு நன்றாகத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் அங்கே இருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது மூவரும் ஒரே பஸ். அப்போதும் பார்க்கவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். உள்ளே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. நம்பர்தான். முகம் சுளிக்கவில்லை. பணம் கேட்கவில்லை. நடையின் கடைசிக்கு ஒளித்துவைத்த அந்த அறையில்தான், என் அனுபவத்தில், ஒரு தோட்டத்துப் பெண்ணை ஆஸ்பத்திரியில் "உட்காருங்கள்" என்று முதல்முறையாகச் சொன்னார்கள்.

டொக்டர் இளம் பெண். சிங்களம். தமிழ் கொஞ்சம்தான் வரும் என்று அவரே வருத்தப்பட்டுக்கொண்டார். நான் இருப்பதில் சந்திராவுக்குச் சம்மதமா என்று கேட்டார். சந்திரா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா இருக்கட்டும்" என்றாள்.

அதன்பிறகு தொடங்கியது என் சோதனை.

கணவனோடு கடைசியாக எப்போது? வேறு யாரோடாவது? வாய்வழியாக ஏதாவது? டொக்டருக்கு அது வேலை. நிதானமாக, மரியாதையாகக் கேட்கிறார். நான் அதைத் தமிழில் சொல்ல வேண்டும். மேற்படி, மேற்குறித்த, இத்தால் அறியத்தருவது எல்லாம் எனக்குத் தூக்கத்திலும் வரும். இது வரவில்லை. காரியாலயத் தமிழில் சொன்னால் அவளுக்குப் புரியாது. லயத்துத் தமிழில் சொன்னால் எனக்கு நாக்கு எழும்பாது.

"அதாவது... வந்து... நீயும் அவரும்... எப்படின்னா..."

சந்திரா குறுக்கிட்டாள்.

"இதுக்கு ஏன் அக்கா இந்த முழி முழிக்கிறீங்க? அப்படியெல்லாம் ஒன்னுமில்லன்னு சொல்லுங்க. வேற யாருகிட்டயும் நான் போகலன்னும் சொல்லுங்க. அவரு போனாரான்னு எனக்குத் தெரியாதுன்னும் சொல்லுங்க."

சொன்னேன். டொக்டர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

பிறகு அவர் விளக்கியதை என்னால் முடிந்த அளவு சரியாகத் தருகிறேன். வாய்ப்புண் நூறு காரணத்தால் வரும். பார்த்த மாத்திரத்தில் இது அதுதான் என்று யாராலும் சொல்ல முடியாது — வீடியோவில் வருகிறவராலும் முடியாது. அந்த வகை நோய்களில் சிலவற்றில் வாய்ப்புண் வரும். அதில் வலியே இல்லாமலும் இருக்கலாம், தானாக ஆறியும் போகலாம். ஆகவே ஆறிவிட்டது என்று சந்தோஷப்படுவதும் தப்பு, எரிகிறது என்று முடிவு கட்டுவதும் தப்பு. ரத்தப் பரிசோதனைதான் வழி. அப்படியே இருந்தாலும் மருந்து இருக்கிறது. வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை.

எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். கடைசி வரிக்கு மட்டும் சந்திரா தலையாட்டவில்லை.

டொக்டர் டோர்ச்சை எடுத்தார். "கட அரின்ன." வாயைத் திற என்பது அவளுக்கே புரிந்தது. திறந்தாள்.

"தவ டிக்கக்."

"இன்னும் கொஞ்சமாம்" என்றேன்.

"இவ்வளவுதான் அக்கா வருது."

டொக்டர் டோர்ச்சைக் கீழே வைத்தார். தன் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, ஒன்றின் மேல் ஒன்றாக நிமிர்த்தி, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே வைத்துக் காட்டினார். தாராளமாகப் போனது. நீயும் செய் என்றார். சந்திராவுக்கு இரண்டு விரல் போனது. மூன்றாவது போகவில்லை. தள்ளிப் பார்த்தாள். போகவில்லை.

டொக்டரின் முகம் அப்போதுதான் மாறியது. அந்தக் கேள்விகளுக்கெல்லாம் மாறாத முகம்!

"வெத்தல போடுவியான்னு கேக்குறாங்க. பாக்கு, பொயலயோட."

சந்திரா சிரித்தே விட்டாள். "யாரு அக்கா போடாம இருக்கா?"

ரத்தம் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி அதே பஸ், அதே குடை, அதே வாங்கு. முடிவு வந்திருந்தது. ஒன்றும் இல்லை. எந்தத் தொற்றும் இல்லை.

கூடவே டொக்டர் ஒரு துண்டுச் சீட்டும் தந்தார். வாய் நோய்களுக்கான கிளினிக்குக்கு. துடைத்தால் போகாத வெள்ளை, காரத்துக்கு எரிச்சல், சரியாகத் திறக்காத வாய் — மூன்றும் சேர்ந்திருப்பது நல்லதல்ல, பல வருஷத்து வெற்றிலை பாக்கின் வேலை, புற்றுநோயாகத் திரும்பலாம், திரும்பாமலும் இருக்கலாம், இப்போதே நிறுத்திவிட்டுக் காட்டுங்கள் என்றார். ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

சந்திரா கேட்டுக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் அழுதாள். பஸ் ஸ்டாண்டில் சிரித்தாள். மூர்த்திக்கு ஃபோன் போட்டாள். "சாப்பிட்டீங்களா... என்ன கொழம்பு... ரெண்டு வாட்டி போட்டுச் சாப்பிடுங்க, எளச்சுப் போயிருக்கீங்க..." ஃபோனில் எப்படித் தெரிந்ததோ இளைத்தது! இரண்டு மாதமாக 'ம்' மட்டும் கேட்ட அந்த மனுஷன் மறுமுனையில் என்ன நினைத்திருப்பான், பாவம்.

ஃபோனை வைத்தாள். நேரே பெட்டிக்கடைக்குப் போனாள். மடித்த வெற்றிலை இரண்டு வாங்கினாள். ஒன்று எனக்கு.

"போடுங்க அக்கா. சந்தோசம்ல!"

"டொக்டர் இப்ப என்னடி சொன்னாங்க?"

"ஒன்னும் இல்லன்னு."

"அந்தச் சீக்கு இல்லன்னு சொன்னாங்க. வாயக் காட்டணும்னும் சொன்னாங்கல்ல?"

"வெத்தலதானே அக்கா! எங்க மாமியா சாகுற வரைக்கும் போட்டுச்சு."

"எதுல செத்துச்சு?"

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

"...தொண்டையில கட்டி வந்து" என்றாள். உடனே, "அது வேற" என்றாள்.

அந்த இடத்தில் எனக்கு வந்தது கோபம் இல்லை. களைப்பு. பஸ் ஏறியதும் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

யோசித்துப் பாருங்கள். மருந்து உள்ள ஒரு வியாதி — அது அவளுக்கு இல்லவும் இல்லை — அதற்காக இவள் தூக்கத்தைத் தொலைத்தாள், பிள்ளையைத் தொடாமல் இருந்தாள், புருஷனை விடவும் தயாரானாள். ஆளை மெல்ல மெல்லத் தின்னக்கூடிய இன்னொன்று வாய்க்குள்ளேயே இருக்கிறது. அதற்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கிறாள்!

ஏன்? முதலாவது வந்தால் லயத்தில் பேசுவார்கள். இரண்டாவது வந்தால் ஹோர்லிக்ஸ் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். நாம் வியாதிக்குப் பயப்படுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை. அடுத்த வீட்டுக்காரிக்குப் பயப்படுகிறோம். அவள் தலையைத் தடவி அனுதாபப்படுகிற வியாதி என்றால் நமக்கு அவசரமே இல்லை.

டொக்டர் குறித்த நாளுக்கு அவள் போகவில்லை. "கொழுந்து நல்லா வர்ற நேரம் அக்கா, பேரு போயிரும்" என்றாள். பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். அதற்குப் பிறகு என் ஃபோனை எடுக்கவும் இல்லை.

மொழிபெயர்ப்பாளருக்கு இந்த உலகத்தில் உள்ள ஒரே அதிகாரம், தப்பாக மொழிபெயர்ப்பது. அந்தத் துண்டில் எழுதியிருப்பது மறுபடியும் அந்தச் சீக்கைப் பற்றித்தான் என்று ஒரு பொய் சொன்னால் போதும், விடியற்காலை முதல் பஸ்ஸிலேயே ஏறிவிடுவாள். நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாள் யோசித்தேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை பகல் தோட்டத்துக்கே போனேன். கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையில் பெண்கள் கூடையோடு வரிசையாக நின்றார்கள். சந்திரா என்னைக் கண்டதும் வெளிறிப்போனாள். கண்ணாலேயே கெஞ்சினாள். சொல்லிராதீங்க அக்கா...

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கிளினிக்கைப் பற்றித்தான் வாயைத் திறக்கக் கூடாது. இந்தக் கிளினிக்கைப் பற்றிச் சொல்வதற்கு என்ன? இது ஹோர்லிக்ஸ் வியாதிதானே! எல்லோர் முன்னாலும் சொல்லலாம்.

"என்னங்க அக்கா, டவுன்ல வேல இல்லையா?" என்றாள் ஒருத்தி. கன்னம் புடைத்திருந்தது, வெற்றிலையால்.

"உங்க எல்லார் வாயையும் அளக்க வந்தேன்" என்றேன்.

"புஷ்பம் வாய அளக்கத் தராசு பத்தாதுங்க!" என்றாள் இன்னொருத்தி.

"போடி, உன் வாய்க்கு லொறி வேணும்" என்று புஷ்பம் திருப்பிக் கொடுத்தாள்.

எல்லோரையும் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கையைக் கழுவச் சொன்னேன். டொக்டர் காட்டியதைக் காட்டினேன். மூன்று விரல், நிமிர்த்தி, பல்லுக்கு நடுவே. ஒரே சிரிப்பு. கூடையை இறக்கி வைத்துவிட்டு, கொழுந்துக் கறை படிந்த விரல்களை வாய்க்குள் விட்டுக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி பார்த்து... நிறுக்க வந்தவருக்குப் பொறுக்கவில்லை. "என்னங்க இது, கொழுந்து வாடுது!" என்று சத்தம் போட்டார்.

"இருங்கய்யா, எங்க வாயி வாடுது!"

முதலில் சிரிப்பு பின்வரிசையில் நின்றது. பிறகு நடுவில். "எனக்குப் போகல" என்றாள் ஒருத்தி, மெதுவாக. "நகத்த வெட்டிட்டு வச்சுப் பாருடி" என்றாள் இன்னொருத்தி. நகம் இல்லை. லொறி வாய் என்று பெயர் வாங்கியவளுக்கு இரண்டு விரலே சிரமமாக இருந்தது. அவள் விரலை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, மறுபடி வைத்துப் பார்த்தாள். மறுபடி துடைத்தாள்.

சந்திரா மட்டும் விரலை வைக்கவில்லை. அவளுக்குத் தெரியும். நின்று ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் போகாது" என்றாள் கடைசியில், எல்லோருக்கும் கேட்கும்படி. "டொக்டரு துண்டு குடுத்திருக்காங்க. கட்டியா மாறுமாம். மாறாமலும் இருக்குமாம். பொதங்கெழம போறேன். யாரு வர்றீங்க?"

புதன்கிழமை ஐந்து பேர் போனோம். பஸ்ஸில் அவர்கள் போட்ட சத்தத்துக்கு, "என்ன, கல்யாணத்துக்கா?" என்று கண்டக்டர் கேட்டார். "இல்லண்ணே, வாயக் காட்டப் போறோம்" என்றாள் லொறி வாய்க்காரி. பஸ் முழுக்கக் கேட்டது.

இரண்டு பேருக்கு மருந்தும் வாய்ப் பயிற்சியும் சொன்னார்கள். லொறி வாய்க்காரியை மறுபடி வரச் சொன்னார்கள். சந்திராவின் கன்னத்திலிருந்து சிறு துண்டு சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். வெற்றிலையை நிறுத்திவிட்டாள். எரிந்து எரிந்து விழுகிறாள்.

"மூர்த்திகிட்ட சொன்னியா?" என்று கேட்டேன்.

"எத? புண்ணையா, சந்தேகப்பட்டதையா?"

"ரெண்டையும்."

"புண்ணச் சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழம வர்றாராம். மத்தது கெடக்கட்டும் அக்கா. அவரு மட்டும் என்கிட்ட எல்லாத்தையுமா சொல்றாரு?"

இதை எழுதலாமா என்றும் கேட்டேன். "பேர மாத்திருங்க. ஊரையும் மாத்திருங்க. ஆனா அந்த மூணு வெரல மாத்திராதீங்க" என்றாள். மாற்றவேண்டியவற்றை மாற்றியிருக்கிறேன். விரல் அப்படியே இருக்கிறது. நீங்களும் ஒருமுறை வைத்துப் பாருங்கள். கையைக் கழுவிவிட்டு.

சதைப் பரிசோதனை முடிவு இதை எழுதும்வரை வரவில்லை. முதல் முடிவுக்கு அவள் தனியாகக் காத்திருந்தாள். இதற்கு ஒரு லயமே காத்திருக்கிறது.